துண்டு ஏறும் நேரம்

கூடலூர்
10 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

ஞானசெல்வி எழுதுகிறேன். நலம் விசாரித்துக்கொள்ளும் நிலைமையில் நாம் இல்லை, அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் போனில் கத்திவிட்டு வைக்கும்போது, "இனிமே எதுன்னாலும் எழுத்துல குடு, நாளைக்கு நான் அப்படிச் சொல்லலன்னு யாரும் பேசக் கூடாது" என்றீர்கள். அதுவும் நல்லதுக்குத்தான். நீங்கள் வேலை பார்க்கிற ஏலக்காய்த் தோட்டத்தில் சிக்னல் வேண்டுமென்றால் மேட்டில் ஏறி நிற்க வேண்டும். தினமும் ஆள் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிற ஜீப்காரர் செல்லப்பாண்டியிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பாகம் பிரித்து ஒரு வருஷம் ஆகிறது. கிணற்றை ஒட்டின மேல் நிலம் உங்களுக்கு, கீழ் நிலம் எனக்கு. கிணறும் மோட்டாரும் பொது. மும்முனைக் கரண்ட் காலை ஒன்பதிலிருந்து பகல் மூன்று வரைக்கும்தான் வருகிறது. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு உங்கள் முறை, பன்னிரண்டிலிருந்து மூன்று என் முறை. ஆளுக்கு மூன்று மணி நேரம், ஈக்குவல் என்று நீங்களே தோட்டத்துக் கம்ப்யூட்டரில் இங்கிலீஷில் அடித்துக்கொண்டு வந்தீர்கள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

முந்தாநாள் கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு போனேன். சரியாகப் பன்னிரண்டுக்கு மதினி உங்கள் மடையை அடைத்துத் தண்ணீரைக் கீழே திருப்பிவிட்டார்கள். அது காய்ந்த மண் வாய்க்காலில் தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு வந்து என் வரப்பைத் தொடும்போது மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. எனக்கு வருவது மூன்று மணி நேரம் இல்லை, இரண்டு மணி சொச்சம். திராட்சைப் பந்தலில் கடைசி நாலு வரிசை நனையவே இல்லை. கொடியை வெட்டிக் கவாத்து முடித்துப் பதினாலு நாள்தான் ஆகிறது. இப்போது துளிர் காய்ந்தால் மே மாதம் பழம் கிடையாது.

பைப் போட்டுக்கொள் என்று சொல்லாதீர்கள். தோப்புக்காரர் வரப்பைத் தோண்ட விடமாட்டேன் என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார்.

எப்படி மாற்றலாம் என்று எழுதுங்கள்.

ஞானசெல்வி


ஏலத்தோட்டம்
16 பிப்ரவரி 2025

ஞானசெல்விக்கு,

கடிதம் கிடைத்தது. ‘அன்புள்ள’ போடவில்லை என்பதைக் கவனித்தேன். நானும் போடவில்லை.

நீ மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். வக்கீல் ஆபீசுக்கு நான் முதலில் கொண்டுவந்த தாளில் ஈக்குவல் என்ற சொல் இல்லை. ‘இருவரும் அனுசரித்துப் பாய்ச்சிக்கொள்வது’ என்றுதான் இருந்தது. நீதான் வக்கீலிடம் அர்த்தம் கேட்டாய். கேட்டுவிட்டு, "அனுசரிக்கிறதெல்லாம் வேண்டாம், சரிசமம்னு போடுங்க. ஒரு நிமிசம் கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்" என்றாய். வக்கீல் சிரித்தார். எனக்கு அவமானமாக இருந்தது. கூடப்பிறந்தவன் ஏமாற்றிவிடுவான் என்று நீ நாலு பேர் முன்னால் சொன்ன மாதிரிதானே அது.

சரி, உன் ஆசைப்படியே ஈக்குவல் போட்டேன். ஈக்குவல் என்றால் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. கடிகாரத்துக்கு அண்ணன் தங்கை தெரியாது. கீழ் நிலம் உனக்கு வந்தது சீட்டுக் குலுக்கிப் போட்டதில், சீட்டை எடுத்ததும் நீதான். மூன்று மணிக்குக் கரண்ட் நின்ற பிறகும் வாய்க்காலில் கிடக்கிற தண்ணீர் உன் நிலத்துக்குத்தான் இறங்குகிறது. அதில் நான் பங்கு கேட்டேனா?

துளிர் காய்கிறது என்று எழுதியதால் சொல்கிறேன். நாளையிலிருந்து பதினொன்றரைக்கே மடையைத் திருப்பிவிடும்படி உன் மதினிக்குச் சொல்லிவிட்டேன். அரை மணி நேரம் அதிகம். கேட்டால் கொடுத்திருப்பேன். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு வந்து கணக்குக் கேட்கிறாயே, அதுதான் பொறுக்கவில்லை.

சுந்தரலிங்கம்


கூடலூர்
27 பிப்ரவரி 2025

அண்ணனுக்கு,

அரை மணி நேரம் வந்தது. ஐந்து நாள் வந்தது. கடைசி வரிசை வரைக்கும் நனைந்தது, இல்லை என்று சொன்னால் என் வாய் புழுத்துப்போகும்.

ஆறாம் நாள் பதினொன்றரைக்கு வாய்க்காலில் போய் நின்றால் தண்ணீர் இல்லை. மேலே ஏறிப் போய்க் கேட்டேன். மதினி மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டே சொன்னார்கள், "அது நாங்களா விட்டது. நீ கல்யாண வீட்டுல உக்காந்து, மேல உள்ளவுக தண்ணிய முழுங்கிட்டாகன்னு பேசுனியாம்ல. பேசுறவுகளுக்கு எதுக்கு விடணும்?" என்று. நான் அப்படிப் பேசவில்லை. வாய்க்கால் முழுங்குகிறது என்றுதான் சொன்னேன். யாரோ கூட்டிச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதுவல்ல நான் எழுத வந்தது.

நீங்களாகக் கொடுத்ததை நீங்களாக நிறுத்தலாம். கோபம் வந்தால் மடையை அடைக்கலாம். அப்படியென்றால் நான் தினமும் மதினி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருதரம் தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பதைப் போல இதையும் நினைத்துவிட்டீர்கள். சேலை வராவிட்டால் பழைய சேலை கட்டிக்கொள்ளலாம். தண்ணீர் வராவிட்டால் கொடி என்ன செய்யும்?

வக்கீல் ஆபீசில் நான் வீம்பாகப் பேசியது உண்மைதான். அப்போது ஊரே, கட்டிக்கொடுத்த பொண்ணு பங்கு கேட்டு வந்துட்டா என்று பேசிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் கூட வாங்கினாலும் பேராசைக்காரி என்பார்கள் என்று பயந்தேன். அதனால்தான் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

தேனியில் காலேஜ் படிக்கிற உங்கள் மருமகள் கயல் டிக்‌ஷ்னரி பார்த்துச் சொன்னாள். ஈக்குவல் என்றால் ஒரே அளவு. ஈக்விட்டபிள் என்று இன்னொரு சொல் இருக்கிறதாம். இன்னாருக்கு என்ன நிலைமை என்று பார்த்து நியாயமாகப் பகிர்வது. இத்தனை நாள் ஒரு சொல்தான் எனக்குத் தெரியும், அதனால் அதையே கேட்டு வாங்கிவிட்டேன்.

ஆனால் இங்கிலீஷ் தெரியாத நம் அப்பாவுக்கும் சின்னக்கருப்புச் சித்தப்பாவுக்கும் இது தெரிந்திருந்தது. ஆயில் இஞ்சின் ஓடின காலத்தில் சித்தப்பா கீழே இருப்பார். தண்ணீர் தன் வரப்பைத் தொட்டதும் கம்பில் துண்டைக் கட்டித் தூக்குவார். துண்டு ஏறினதைப் பார்த்த பிறகுதான் அப்பா அவர் முறையை எண்ண ஆரம்பிப்பார். வழியில் நடக்கிற தண்ணீர் யார் கணக்கிலும் சேராது. கிணற்று மேட்டில் நின்று "துண்டு ஏறிருச்சு" என்று கத்துவது உங்கள் வேலை. மறந்துவிட்டதா?

ஞானசெல்வி


ஏலத்தோட்டம்
5 மார்ச் 2025

ஞானசெல்விக்கு,

உன் மதினியை இதில் இழுக்காதே. நான் மலையில் கிடக்க, மாட்டையும் காட்டையும் ஒற்றை ஆளாகப் பார்ப்பது அவள். அவளும் மனுஷிதான்.

இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டராக இருக்கிறேன். மேனேஜருக்குப் போகும் அத்தனை கடிதமும் என் கையால் போவது. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க உன் மகளை ஏவாதே.

துண்டு கதை அண்ணன் தம்பிக்குள் வாயால் ஓடியது. துண்டு ஏறியது என்று எந்த வக்கீலாவது பத்திரத்தில் எழுதுவாரா? பத்திரத்தில் சரிசமம் என்று எழுதச் சொன்னவள் நீ. எழுத்தில் இருப்பது ஈக்குவல். இதோடு இந்தப் பேச்சை விடு.

சுந்தரலிங்கம்


கூடலூர்
2 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

விடச் சொன்னீர்கள். நானும் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இப்போது எழுத ஒரு காரணம் வந்துவிட்டது.

போன மாதம் மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து ஜீப்பெல்லாம் நின்றுபோய், நம் ஊர்ப் பெண்கள் பத்தரை மணிக்குத்தான் உங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார்களாம். மேனேஜர் அத்தனை பேருக்கும் அரை நாள் என்று போடச் சொன்னாராம். தோட்டத்து லயத்திலேயே குடியிருக்கிறவர்களுக்கும் கூடலூரிலிருந்து வருகிறவர்களுக்கும் ஒரே சட்டம், எட்டு மணிக்குக் காட்டில் நிற்க வேண்டும் என்றாராம். நீங்கள் அதற்கு மேனேஜருக்குக் கடிதம் எழுதினீர்களாம். மறுநாளே முழு நாள் போட்டு, உங்கள் கடிதத்தையும் போர்டில் ஒட்டிவிட்டார்களாம். சங்கிலியம்மாள் அதைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொண்டு, "ஒங்க அண்ணனால எனக்கு அரைநாள் மிச்சம்" என்று வீடுவீடாகக் காட்டுகிறாள்.

கயலை விட்டுப் படிக்கச் சொன்னேன். நாலு மணிக்கே எழுந்து புறப்பட்டவர்களை வழியில் நின்ற நேரத்துக்காகத் தண்டிப்பது ஈக்குவலாக இருக்கலாம், ஈக்விட்டபிள் ஆகாது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. எங்க அண்ணன் என்று சங்கிலியம்மாளிடம் சொல்லவும் செய்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அழுகை வந்தது.

அந்தச் சொல் உங்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் அதைப் போட வேண்டும் என்றும் தெரியும். ஊரார் முப்பது பேருக்குப் போட்டீர்கள், எனக்குப் போடவில்லை.

பிஞ்சு பிடித்திருக்கிறது. முன் வரிசைகளில் மிளகு அளவுக்கு வந்துவிட்டது, கடைசி நாலு வரிசையில் கடுகாகவே நிற்கிறது. கம்பத்து வியாபாரி வந்து பார்த்துவிட்டு, பின்பக்கம் இப்படியே போனால் தோட்டத்தையே எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரருக்கு எப்போதுமே தையல் மிஷின்தான், காடு பிடிக்காது. இந்தக் காய்ப்பும் போனால் நிலத்தை அண்ணனிடமே விட்டுவிடு, நிம்மதியாக இருக்கலாம் என்கிறார். எனக்கு இந்த நிலம் வேண்டும் அண்ணே. கேட்டு வாங்கினதைப் பார்க்கத் தெரியாமல் திருப்பிக் கொடுத்தாள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

ஞானசெல்வி


ஏலத்தோட்டம்
14 ஏப்ரல் 2025

ஞானசெல்விக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனது, கோபத்தினால் இல்லை.

அந்தப் பெண்களுக்கு எழுதும்போது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பனியில் நனைந்துகொண்டு வந்து நின்றார்கள், கண்ணால் பார்த்தேன். உன் வாய்க்காலை நான் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும். இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு வீரபாண்டிக்கு வருகிறேன். லீவு சொல்லியாகிவிட்டது. அப்போது பந்தலைப் பார்க்கிறேன். அதுவரைக்கும் பதினொன்றரைக்கே திருப்பிவிடச் சொல்லி உன் மதினிக்கு எழுதிவிட்டேன். இனி நடுவில் நிற்காது, அவளும் சரி என்றுவிட்டாள். இதையும் தர்மம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். திராட்சைக்கு அது தெரியாது.

சுந்தரலிங்கம்


ஏலத்தோட்டம்
18 மே 2025

ஞானசெல்விக்கு,

திருவிழா முடிந்து ஒரு நாள் இருந்துவிட்டுத்தான் மலை ஏறினேன். உன் வீட்டுக்கு வரவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். வந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் மறுபடி கத்துவோம். அதனால் வாய்க்காலுக்கு மட்டும் போனேன்.

அளந்து பார்ப்பதற்காக அன்றைக்கு மட்டும் பழையபடி பன்னிரண்டுக்கு நானே மடையைத் திருப்பிவிட்டு, தண்ணீர் கூடவே நடந்தேன். செருப்பைக் கிணற்று மேட்டில் கழற்றிப் போட்டுவிட்டேன். தோப்பு மூலையில் நண்டு வளை நாலைந்து இருக்கிறது. தண்ணீர் அதற்குள் இறங்கி, நிரம்பி, அப்புறம்தான் நகர்கிறது. எனக்கே பொறுமை போய்விட்டது. அந்த இடத்தில் நின்று ஒரு பீடி குடித்து முடித்தும் அது பத்தடிகூடப் போகவில்லை. உன் வரப்பைத் தொட்டபோது பன்னிரண்டு நாற்பத்தேழு. நீ ஐம்பத்திரண்டு என்று எழுதியிருந்தாய். ஐந்து நிமிஷம் கூட்டிச் சொல்லியிருக்கிறாய்.

பந்தலுக்கு அடியில் குனிந்துகொண்டு இருந்தாய். பார்க்காத மாதிரி இருந்தாய். அங்கே கிடந்த கம்பில் என் துண்டைக் கட்டி ஊன்றிவிட்டு வந்துவிட்டேன். மேலே உன் மதினி கிணற்று மேட்டில் நின்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லி நிறுத்தவில்லை, அவளாகவே வந்து நின்றாள். "இம்புட்டு நேரமா ஆகுது? எனக்கு யாரு சொன்னா?" என்று என்னைத்தான் திட்டினாள்.

புது ஒப்பந்தம் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். இங்கிலீஷ் பக்கத்துக்குக் கீழே தமிழும் போட்டிருக்கிறேன். சாரம் இதுதான். தண்ணீர் நடக்கிற நேரம் இரண்டு பேருக்கும் பொது. அந்த நஷ்டத்தை ஆளுக்குப் பாதி ஏற்பது. அதன்படி இப்போதைக்கு மடை திரும்பும் நேரம் பதினொன்று முப்பத்தைந்து. வாய்க்கால் மழைக்கு ஒரு மாதிரி, வெயிலுக்கு ஒரு மாதிரி இருக்கும் என்பதால் மாதம் ஒருதரம் கீழே துண்டு ஏறும் நேரத்தைப் பார்த்து மாற்றிக்கொள்வது. துண்டு என்ற சொல் அதில் இருக்கிறது. வக்கீலிடம் படித்துக் காட்டினேன், எழுதலாம் என்றுவிட்டார்.

ஈக்குவல் இருந்த இடத்தில் ஈக்விட்டபிள் போட்டிருக்கிறேன்.

சுந்தரலிங்கம்


கூடலூர்
22 மே 2025

அண்ணனுக்கு,

நான் கூட்டிச் சொல்லவில்லை. நான் பார்த்தது தைக் கடைசி வெயிலில் காய்ந்து கிடந்த வாய்க்காலை. நீங்கள் வந்ததற்கு முதல் நாள் இங்கன நல்ல மழை. ஈர வாய்க்காலிலேயே நாற்பத்தேழு என்றால் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பார்த்தேன். கூப்பிட நினைத்து நிமிர்வதற்குள் நீங்கள் மேட்டுக்குத் திரும்பிவிட்டீர்கள். துண்டை எடுத்துத் துவைத்து வைத்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தை நானும் உங்கள் மச்சானும் கயலும் உட்கார்ந்து படித்தோம். இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும்.

ஒன்று, மூன்று மணிக்குக் கரண்ட் நின்ற பிறகும் தண்ணீர் எனக்கு இறங்குகிறது என்று நீங்கள் முதல் கடிதத்தில் எழுதினீர்கள். கோபத்தில் அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பார்த்தேன், பத்து நிமிஷம் இறங்குகிறது. அதையும் பொதுவில் சேருங்கள். மடை திரும்புவது பதினொன்று நாற்பது என்று போடுங்கள்.

இரண்டாவது, ஆரம்பத்தில் ‘தங்கை மேல் உள்ள அன்பின் பேரிலும் பாசத்தின் பேரிலும்’ என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிடுங்கள். நீங்கள் மனதார எழுதியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் அன்பின் பேரில் கொடுத்தது என்று இருந்தால், நாளைக்கு நாம் மறுபடி சண்டை போட்டால் தண்ணீருக்கும் சண்டை வந்துவிடும். நாம் சண்டை போடாமல் இருக்கப் போகிறோமா? பேசாமல் இருந்தாலும் பதினொன்று நாற்பதுக்குத் தண்ணீர் வர வேண்டும். எனக்கு அது போதும்.

ஞானசெல்வி


ஏலத்தோட்டம்
29 மே 2025

ஞானசெல்விக்கு,

இரண்டையும் மாற்றிக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஒன்றை நீ வைத்துக்கொள், ஒன்றை உன் மதினியிடம் கொடு.

ஒன்று சொல்கிறேன். நானாகக் கொடுத்தது முப்பது நிமிஷம். நீ நாலு மாதம் சண்டை போட்டு வாங்கியது இருபது. உன்னை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. இங்கே ஜீப்பில் வருகிற பெண்களிடம் சொன்னேன், அவர்கள் நீ செய்ததுதான் சரி என்கிறார்கள்.

நண்டு வளையை அடைக்க ஆள் பிடித்திருக்கிறேன். வாய்க்கால் பொது, கூலியும் பொது, பாதி நீ கொடுத்துவிடு.

அந்த வரியை அடித்துவிட்டேன். அடிக்கும்போது கை கொஞ்சம் நின்றது.

சுந்தரலிங்கம்


கூடலூர்
11 ஜூன் 2025

அண்ணனுக்கு,

வியாபாரி தோட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டார். நேற்று வெட்டி முடித்தாகிவிட்டது. உங்கள் மச்சான் கடையைப் பூட்டிவிட்டு வந்து பெட்டி தூக்கினார். நிலத்தை விடுவதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. மதினி காலையில் சரியாகப் பதினொன்று நாற்பதுக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டுவிட்டு, பிற்பகலில் வந்து என்னோடு பழம் தரம் பிரித்தார்கள்.

செல்லப்பாண்டியிடம் ஒரு பெட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கடைசி நாலு வரிசையில் காய்த்தது. அதை வியாபாரிக்குக் கொடுக்காமல் எடுத்து வைத்தேன். வழியில் வெயில் படாமல் மேலே உங்கள் துண்டைப் போட்டு மூடியிருக்கிறேன்.

இது எந்தப் பத்திரத்திலும் இல்லை. நீங்கள் பாதி திருப்பித் தர வேண்டாம், கணக்கும் வைக்க வேண்டாம். நீங்கள் அடித்துவிட்ட அந்த வரியின் பேரில் அனுப்புகிறேன்.

ஞானசெல்வி